சர்க்கரையும் பிரஷரும்: களித் தட்டிலிருந்து தொடங்கும் வாழ்க்கைமுறை மருத்துவம் - தர்மபுரி, கிருஷ்ணகிரி குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் சொல்லும் முதல் யோசனை, "சோத்தை விட்டுட்டுக் களி தின்னு, சரியாப் போயிடும்" என்பதுதான். அவரும் சோற்றை விட்டுவிடுகிறார். மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால் அளவு இறங்கியிருக்காது, சில சமயம் ஏறிக்கூட இருக்கும். உடனே களி மேல் இருந்த நம்பிக்கை போய்விடுகிறது. சாப்பாட்டை மாற்றி நோயைக் கட்டுப்படுத்தலாம் என்ற நம்பிக்கையும் சேர்ந்தே போய்விடுகிறது. உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படுகிறது. அவர் செய்த மாற்றத்தில் தப்பே இல்லை. பாதியில் நின்றுவிட்டார், அவ்வளவுதான். மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்த வழிகாட்டி.

உணவு, உடல் உழைப்பு, தூக்கம், மன அழுத்தத்தைச் சமாளிப்பது, புகையிலை - மதுவை விடுவது, மனிதர்களோடு ஒட்டி வாழ்வது. இந்த ஆறையும் மருந்துக்குச் சமமான அக்கறையோடு, அளவு பார்த்து, கணக்கு வைத்துச் செய்வதுதான் வாழ்க்கைமுறை மருத்துவம். சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, கல்லீரல் கொழுப்பு, இதய நோய் எல்லாவற்றுக்கும் இதுதான் அடித்தளம்.

இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் சர்க்கரையின் எல்லையில் இருந்தவர்களிடம் நடத்திய பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இரண்டே இலக்குகளை வைத்துக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம்தான் குறைந்தது. "அதெல்லாம் அவங்க உடம்புக்கு" என்று நினைக்க வேண்டாம். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நம் மக்களிடமே செய்த ஆய்வு 2006-இல் வந்தது. அதில் வாழ்க்கைமுறை மாற்றத்தால் 28.5 சதவீதம் குறைந்தது, மாத்திரையால் குறைந்ததும் கிட்டத்தட்ட அதே அளவுதான். நம் ஆட்களில் பலர் ஒல்லியாக இருந்தும் சர்க்கரைக்கு ஆளாகிறவர்கள். அதனால் பலன் கொஞ்சம் குறைவாகத் தெரிந்தாலும், மாத்திரைக்கு ஈடாக நிற்கிறது என்பதுதான் முக்கியம்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கர்ப்பிணிகள், சிறுநீரகம் பழுதடைந்தவர்கள், சிறு வயதிலேயே இன்சுலின் போடத் தொடங்கியவர்கள், சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள் இதை டாக்டரிடம் பேசிய பிறகே தொடங்க வேண்டும்.

முதல் படி: எங்கே நிற்கிறோம் என்று பாருங்கள்

மயக்கம் வரவில்லை, தாகம் இல்லை, அதனால் சர்க்கரை இல்லை என்று நினைத்து வருடங்களை ஓட்டுபவர்கள் நிறைய. பிரஷரும் அப்படித்தான், பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. 30 வயது தாண்டிய எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 100-க்குக் கீழ் இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை எல்லைக்கோடு. 126-ம் அதற்கு மேலும் என்றால், மறுமுறை பார்த்து உறுதி செய்தபின், சர்க்கரை நோய். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5 முதல் நோய். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ கவனிக்க வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும். எடை சரியாக இருந்து வயிறு மட்டும் முன்னால் வந்திருந்தால் "நான் ஒல்லிதானே" என்று விட்டுவிடாதீர்கள். நம்மைக் கெடுப்பது அந்த வயிற்றுக் கொழுப்புதான்.

ரத்த அழுத்தம் பார்ப்பதில் பாதிப் பேருக்குத் தப்பான அளவு வருகிறது. அரூர் பஸ்ஸில் நின்றபடி வந்து, இறங்கிய வேகத்தில் ஒரு டீயும் குடித்துவிட்டு, வரிசையில் முண்டியடித்துக் கையை நீட்டினால் யாருக்கும் 150 காட்டும். டீ, பீடி, சிகரெட் முடிந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். பட்டையை ரவிக்கைக் கை மேலே சுற்ற விடாதீர்கள். அளக்கும்போது பேசக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் பார்த்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதற்கு அலைய வேண்டியதில்லை. "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். ஊருக்கு வரும் தன்னார்வலர் வீட்டிலேயே பார்த்துச் சொல்வார், ஏற்கெனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் கொண்டுவந்து தருவார். அவர் வரும் நாளில் வயலுக்குப் போய்விடாமல் காத்திருங்கள்.

இரண்டாம் படி: மாத்திரையை விடாமல் தொடங்குங்கள்

சாப்பாட்டை மாற்றப் போகிறேன், அதனால் மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று வருகிறவர்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் பழக்கம் மாறி, அது அளவில் தெரிந்து, அதன் பிறகு டாக்டர் மாத்திரையைக் குறைப்பார். பிரஷர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது பக்கவாதத்தை வாசலுக்கு அழைப்பது போல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்கள் ஒரேயடியாகச் சோற்றைக் குறைத்தாலோ, ஆடி மாத விரதம் என்று பட்டினி கிடந்தாலோ சர்க்கரை 70-க்குக் கீழே விழுந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் மங்கல், காரணமில்லாத எரிச்சல் எல்லாம் அதன் அடையாளம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மாற்றத்தைத் தொடங்கும் முன் டாக்டரிடம், "சாப்பாட்டைக் குறைக்கப் போறேன், இந்த மாத்திரையால சர்க்கரை ரொம்ப இறங்குமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

மூன்றாம் படி: தட்டு

இந்த வழிகாட்டியின் நடு உடம்பே இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

களி கிண்டும் கேழ்வரகு நம் மண்ணின் தானியம். 100 கிராமில் கால்சியம் சுமார் 360 மில்லிகிராம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் 10 கூட இல்லை. நார்ச்சத்து கேழ்வரகில் சுமார் 11 கிராம், அரிசியில் 3-க்கும் கீழ். இதெல்லாம் உண்மை. ஆனால் மாவுச்சத்து? கேழ்வரகில் 67 கிராம் அளவில் இருக்கிறது, அரிசியில் 78. வித்தியாசம் பெரியதில்லை. ஆக, களி என்பதும் மாவுச்சத்துதான். அளவு தெரியாமல் தின்றால் சோறு செய்வதையே அதுவும் செய்யும்.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, நான் சோறே தொடறதில்ல. ரெண்டு வேளையும் களிதான். அப்புறம் ஏன் சக்கரை ஏறுது?" எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்றேன். "எல்லாரும் திங்கிற மாதிரி ஒரு உருண்டை." மாவு அளக்கும் சொம்பையே கொண்டுவரச் சொல்லி, மாவை நிரப்பி, பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். அவர் பங்குக்கு மட்டும் மாவு 150 கிராமுக்குக் குறையவில்லை. அதோடு களி உருண்டு திரள அரிசி நொய் வேறு. தொட்டுக்கொள்ள ஒரு கரண்டி புளிக்குழம்பு. கீரை வாரத்தில் ஒரு நாள். அவருடைய மாமியார் காலத்தில் அந்த உருண்டைக்குப் பின்னால் ஏர் ஓட்டுவதும் களை எடுப்பதும் கிணற்றில் நீர் இறைப்பதும் இருந்தன. இப்போது அதே உருண்டைக்குப் பின்னால் மோட்டாரும் டிவியும் இருக்கின்றன.

நீங்களும் அதையே செய்யுங்கள். ஒரு நாள் மட்டும் மாவை எடை போடுங்கள். ஒரு ஆளுக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்துவிட்டால் அதற்கப்புறம் கண்ணளவே போதும். உட்கார்ந்த வேலை செய்பவருக்கு, ஒரு வேளைக்கு அவருடைய மூடிய கை முஷ்டி அளவு உருண்டை சரியான தொடக்கம். வெயிலில் உழைப்பவருக்குக் கொஞ்சம் கூட இருக்கலாம். அரிசி நொய்க்குப் பதில் சாமை நொய் போட்டுக் கிண்டலாம். மாவை நைசாக அரைக்காமல் கொஞ்சம் கரகரப்பாக அரைக்கச் சொல்லுங்கள். மாவு நைசாக ஆக ஆகச் சர்க்கரை வேகமாக ஏறும். இதே காரணத்தால் கூழ் எச்சரிக்கையானது: மென்று தின்ன வேண்டியதை மடமடவென்று குடித்துவிடுகிறோம். வெல்லம் போட்ட கேழ்வரகு மால்ட்டைச் "சக்கரைக்காரங்களுக்கு நல்லது" என்று விற்றால் நம்ப வேண்டாம். நம் ஊர் ஆலையில் கண் முன்னால் காய்ச்சிய வெல்லமானாலும் ரத்தத்தில் போய்ச் சர்க்கரையாகத்தான் நிற்கும்.

உருண்டை சின்னதானால் வயிறு எப்படி நிறையும்? நிறைக்க வேண்டியவை எல்லாம் நம் வயல் ஓரத்திலேயே இருக்கின்றன. தட்டைக் கண்ணால் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதி முழுக்கக் கீரைக் கடைசலும் காயும். பண்ணைக்கீரை, முருங்கை, தண்டங்கீரை, வெண்டை, புடலை, பீர்க்கு, அவரை எதுவானாலும் சரி, உருளைக்கிழங்கு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. மீதிப் பாதியில் ஒரு பங்கு களியோ சோறோ சப்பாத்தியோ. இன்னொரு பங்கு பருப்பு வகை: கொள்ளு, மொச்சை, தட்டைப்பயறு, துவரை, பச்சைப்பயறு. அல்லது முட்டை, மீன், தோல் நீக்கிய கோழி. கொள்ளுக் கடைசல் ஒரு கிண்ணம் உள்ளே போனால் இரண்டாவது உருண்டைக்குக் கை நீளாது.

வரிசையும் முக்கியம். முதலில் கீரையும் காயும், அடுத்து பருப்பு, கடைசியில் களி. ஒரே சாப்பாட்டை இந்த வரிசையில் சாப்பிட்டாலே உணவுக்குப் பின் சர்க்கரை ஏறும் உயரம் குறைகிறது. சோறும் களியும் தட்டில் ஒன்றாக வைக்காதீர்கள். "ஒரு உருண்டை களி, அப்புறம் ரசத்துக்குக் கொஞ்சம் சோறு" என்பது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

விடிகாலையில் பஸ் பிடித்து ஓசூருக்கும் பெங்களூருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்தத் தட்டுக் கணக்கு உதவாது என்று தெரியும். பத்து மணிக்கு டீயும் பன்னும், மதியம் பரோட்டா, அதுதான் கையில் கிடைப்பது. அவர்கள் காலையில் வேகவைத்த கடலைக்காயோ சுண்டலோ ஒரு டப்பாவில் எடுத்துப் போனால் பன்னுக்கு வேலை இல்லை. டீயையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு டீ, தலா இரண்டு ஸ்பூன் என்றால் நாளுக்கு 35 கிராமுக்கு மேல் சர்க்கரை. வாரத்துக்கு அரை ஸ்பூன் என்று குறைத்துக்கொண்டே வந்தால் நாக்குக்குத் தெரியாது.

மாம்பழம் பற்றிக் கேட்காதவர்களே இல்லை, கிருஷ்ணகிரியில் கேட்காமல் எப்படி இருப்பார்கள்! முழுக்கத் தடை சொல்ல மாட்டேன். 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. ஒரு பெரிய பழத்தை முழுசாகத் தின்றால் ஒரு வேளைச் சோற்றுக்குச் சமமாகிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இருப்பவர் இரண்டு துண்டு சாப்பிடலாம். ஆனால் சாப்பாட்டின் மேலே வேண்டாம், மாலையில் தனியாக, அதோடு ஒரு கை வேர்க்கடலை. மாம்பழ ஜூஸும் மாம்பழக் கூழும் வேண்டாம். பரிசோதனையில் 200-க்கு மேல் நிற்கும் நாட்களில் இந்த சீசனை விட்டுவிடுங்கள்.

உப்பும் எண்ணெயும்

பிரஷர் உள்ள வீட்டில் இதைவிடச் சுலபமான மருந்து இல்லை. ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாலு பேர் உள்ள வீட்டுக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாக்கெட் பிரிக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி வைத்துப் பாருங்கள். பெரும்பாலான வீடுகளில் மாதம்கூடத் தாங்காது. ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மிக்சர், பேக்கரி பஃப்ஸ் எல்லாம் இதற்கு மேல் வருகிறவை. களியை உப்பில்லாமல் கிண்டுங்கள், குழம்பில் இருக்கும் உப்பே போதும். மோரிலும் பழத்திலும் உப்பு எதற்கு? சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர். கடலை எண்ணெயா நல்லெண்ணெயா என்ற சண்டையைவிட இந்த அளவு முக்கியம். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்காதீர்கள்.

நான்காம் படி: குடிக்கும் தண்ணீரைக் கேளுங்கள்

வேறு ஊர்க்காரர்களுக்கான வழிகாட்டியில் இந்தப் படி இருக்காது. நம் இரு மாவட்டங்களிலும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை வரும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-இல் பயன்பாட்டுக்குத் திறந்தார்கள்.

நாள்பட்ட நோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு? முட்டி வலி, இடுப்புப் பிடிப்பு என்று நடப்பதை விட்டுவிடுகிறார்கள், எடை ஏறுகிறது. வலிக்கு மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்றவை பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் தடுமாறும்போது இது இரட்டை அடி.

ஆகவே குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரையோ சேமித்த மழைநீரையோ பயன்படுத்துங்கள், போர் தண்ணீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். கடுந்தேநீரைக் குறையுங்கள், தேயிலையிலும் ஃபுளோரைடு உண்டு. மூட்டு வலி உள்ளவர்கள் டாக்டரிடம் உங்கள் ஊர்த் தண்ணீரைப் பற்றியும் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: உடம்பை அசைப்பது

"நாள் பூரா வேலைதான் செய்யறேன், தனியா நடக்கணுமா?" என்று கேட்பார்கள். பூப் பறிப்பது, கடலை உரிப்பது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது எல்லாம் வேலைதான், களைப்பும் உண்மைதான். ஆனால் இதயம் வேகமாகத் துடித்து, மூச்சு கொஞ்சம் வாங்கி, பேச முடிந்தும் பாட முடியாத அளவுக்கு உடம்பு இயங்க வேண்டும். அது வாரத்துக்கு 150 நிமிடம். அரை அரை மணியாக ஐந்து நாள்.

அதிகாலையில் நடக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி சொல்கிறேன், சர்க்கரைக்கு இது இன்னும் நல்லது. ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் 10 முதல் 15 நிமிடம் நடங்கள். தசை வேலை செய்யும்போது இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருமுனை வரை இரண்டு மூன்று தடவை போய் வந்தாலே கணக்கு முடிந்தது. நெடுஞ்சாலை ஓரம் நடக்காதீர்கள், பள்ளி மைதானமும் கோயில் பிராகாரமும் இருக்கின்றன.

வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். 40 வயதுக்கு மேல் தசை கரையத் தொடங்குகிறது, சர்க்கரையைச் சேமிக்கும் இடமே அதுதான். நாற்காலியில் கையை ஊன்றாமல் 10 முறை உட்கார்ந்து எழுங்கள். சுவரில் கை வைத்துக் குதிகாலை 15 முறை உயர்த்துங்கள். சுவரைத் தள்ளுவது போல 10 முறை. மூன்றும் சேர்ந்து ஒரு சுற்று, இரண்டு சுற்று போதும். எழுந்து நிற்பதே கஷ்டம் என்றால் நாற்காலி மேல் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு வயலில் இறங்கக் கூடாது. முள் குத்தியது தெரியாமலே புண் வைத்துவிடும், கடைசியில் விரலை எடுக்கும் நிலை வரும். ராத்திரி கால் கழுவியதும் பாதத்தைத் திருப்பி விரலிடுக்கில் பாருங்கள், கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தமோ இடது கையில் வலியோ வந்தால் "வாயுப் பிடிப்பு" என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள், 108.

ஆறாம் படி: தூக்கம், முக்கியமாக ஷிஃப்ட் வேலைக்காரர்களுக்கு

ஓசூர் கம்பெனிகளில் வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும் பிள்ளைகள் 30 வயதிலேயே பிரஷர் மாத்திரையோடு வருவது கவலையாக இருக்கிறது. 7 மணி நேரத்துக்குக் குறைந்த தூக்கம் பசியைத் தூண்டும், இன்சுலின் வேலையை மந்தமாக்கும். ஷிஃப்டை மாற்ற உங்களால் முடியாது, ஆனால் சிலதைச் செய்யலாம். நைட் ஷிஃப்டுக்குப் போகும் முன்பே முழுச் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். நடுராத்திரிக்கு மேல் கேன்டீனில் சோறும் பிரியாணியும் வேண்டாம், பசித்தால் முட்டை, சுண்டல், மோர். ஷிஃப்டின் பின்பாதியில் டீயை நிறுத்துங்கள். வீடு வந்ததும் ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடி, போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுங்கள். அந்த நேரத்தில் கூப்பிட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிவையுங்கள். நைட் வாரத்தில் மாத்திரையை எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். சத்தமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்களுக்கு பிரஷர் மாத்திரை சரியாக வேலை செய்யாது, அதையும் காட்ட வேண்டும்.

ஏழாம் படி: புகையிலை, மது

பீடி, சிகரெட் மட்டும் கணக்கில்லை. வெற்றிலையோடு போடும் புகையிலையும், கன்னத்தில் அடக்கும் பொட்டலமும் ரத்தக்குழாயைக் கெடுப்பவைதான். சர்க்கரையும் புகையிலையும் சேர்ந்த கால் ரொம்பச் சீக்கிரம் கறுக்கும். விடுவதற்கு ஒரு தேதி குறியுங்கள், வீட்டில் இருக்கும் பாக்கெட்டை அன்று அப்புறப்படுத்துங்கள். ஏக்கம் வந்தால் சில நிமிடங்களில் தணிந்துவிடும், அந்த நேரத்துக்குக் கிராம்போ ஏலக்காயோ வாயில் போட்டுக்கொள்ளுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் விட உதவுவார்கள். மது குடித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால் சர்க்கரை மாத்திரைக்காரர்களுக்கு ராத்திரியில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் திடீரென்று தானாக நிறுத்தக் கூடாது, நடுக்கமும் வலிப்பும் வரலாம், மருத்துவமனை உதவியோடு விடுங்கள்.

எட்டாம் படி: மனசும் மனிதர்களும்

மழை பொய்த்த வருடக் கடனும், தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டிய வலியும் ரத்த அழுத்தத்தில் தெரியும். மூச்சுப் பயிற்சி செய் என்று சொல்லி இதைத் தீர்த்துவிட முடியாது. ஆனாலும் மெதுவாக மூச்சை இழுத்து அதைவிட மெதுவாக விடும் 5 நிமிடம் உடம்பைத் தணிக்கும். அதைவிடப் பெரிய மருந்து, மனசிலிருப்பதை ஒருவரிடம் சொல்வது. தூக்கம் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரம் போனால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நிலைக்காது. அந்த ஒருவர் வீட்டுப் பெண்ணாக இருந்தால் இன்னும் மோசம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சமிருக்கும் சோற்றைத் தின்பவருக்கு எந்த உணவுக் கணக்கும் பொருந்தாது. ஆகவே வீட்டுக்கே ஒரே தட்டு, எல்லோரும் சேர்ந்து உட்காருவது, அம்மாவுக்கும் அதே நேரத்தில் கீரையும் முட்டையும். மகளிர் குழுவில் இருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் சேர்ந்தே 20 நிமிடம் நடந்தால் யாரும் யாரையும் விட்டுப் போக மாட்டார்கள்.

ஒன்பதாம் படி: ஒரு நோட்டும் மூன்று மாதமும்

எல்லாவற்றையும் ஒரே திங்கட்கிழமை தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் தட்டு மட்டும். அடுத்த இரண்டு வாரம் சாப்பாட்டுக்குப் பின் நடை. அப்புறம் உப்பு. அப்புறம் தூக்கம். புகையிலைக்கு மட்டும் இந்த வரிசை கிடையாது, என்றைக்கு மனசு வருகிறதோ அன்றைக்கே விடுங்கள். பழைய பள்ளி நோட்டில் தேதி போட்டு, நடந்த நிமிடம், கீரை சாப்பிட்டேனா, தூங்கிய மணி நேரம் என்று மூன்று கட்டம் போதும். வாரம் ஒரு முறை எடையும் பிரஷரும். 70 கிலோ இருப்பவர் ஆறு மாதத்தில் 5 கிலோ குறைத்தால் அது பெரிய வெற்றி. ஒல்லியாக இருப்பவர் எடையைக் குறைக்கக் கூடாது, தசையைக் கூட்டுவதும் வயிற்றைக் குறைப்பதும்தான் அவருக்கான இலக்கு.

சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்து, உடல் பருமனும் இருந்தால், நிறைய எடை குறைத்து மாத்திரை இல்லாமலே அளவைச் சரியாக வைத்திருக்கும் வாய்ப்பு உண்டு. பிரிட்டனில் நடந்த ஆய்வில் கடுமையாக எடை குறைத்த திட்டத்தில் இருந்தவர்களில் ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேர் அந்த நிலையை அடைந்தார்கள். ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில் நடந்தது. நோய் வந்து பல வருடமானவர்களுக்குக் கணையம் சோர்ந்திருக்கும், மாத்திரை தொடரலாம், இன்சுலின்கூட வரலாம். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணும் காலும் சிறுநீரகமும் நன்றாக இருக்கின்றனவா என்பதுதான் கேள்வி.

மூன்று மாதம் முடிந்ததும் நோட்டோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய் எச்பிஏ1சி பாருங்கள். வருடத்துக்கு ஒரு முறை கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை), சிறுநீரில் ஆல்புமின், கொழுப்பு, கண்ணின் விழித்திரை, பாத உணர்வு ஐந்தும் பார்க்க வேண்டும், சொல்லாவிட்டால் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். சர்க்கரை வந்தவரின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, 30 தாண்டிய பிள்ளைகள் எல்லோருக்கும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அன்றைக்கே அவர்களையும் வெறும் வயிற்றோடு கூட்டிப் போங்கள்.